பஸ் படிக்கட்டும் பிரஜா தர்மமும்

சென்னை நகரத்துப் பஸ்களில் ஏறியிறங்கும் பழக்கமுள்ள நமது நேயர்கள், படிக்கட்டின் அருகே எழுதப்பட்டிருக்கும் ஓர் எச்சரிக்கையைக் கண்டிருப்பார்கள். "படியில் பயணம் நொடியில் மரணம்" என்பது அவ்வாசகம். சொல்லில் குற்றமில்லை, எதுகையும் உண்டு. ஆனால் அதைப் படிக்க வேண்டிய வேளையில் எவராலும் படிக்க முடிவதில்லை. காலை எட்டு மணிக்கும் ஒன்பதரை மணிக்கும் இடையில், அவ்வெழுத்துக்களை மறைத்துக்கொண்டு எட்டுப் பத்து இளைஞர்கள் தொங்குகிறார்கள். ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறது. ஒரு கால் படியின் விளிம்பில் பாதி பதிந்திருக்கிறது. மற்றொரு கால் அந்தரத்தில். முதுகில் சுமக்க வேண்டிய புஸ்தகப் பை, முன்பின் அறியாத ஓர் அம்மையாரின் மடியில் ஜன்னல் வழியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அப்பை பத்திரமாய்ப் பாடசாலை சேரும் என்பதில் சந்தேகமில்லை. பையின் சொந்தக்காரன் சேருவானா என்பதே நாம் இன்று விசாரிக்கப் புகுந்த விஷயம்.

பஸ் நெரிசலைப் பற்றி எழுதுவதற்கு இந்தப் பக்கம்தானா கிடைத்தது என்று ராஜ்ய விவகாரங்களில் ஈடுபட்ட நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லும் விடை இது. சாமானியப் பிரஜை ஒருவன் வோட்டுச் சாவடியில் சர்க்காரைச் சந்திப்பது ஐந்தாண்டுக்கு ஒரு முறை. தாலுக்கா ஆபீஸுக்கு அவன் போவது ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ. ஆனால் சர்க்கார் பஸ்ஸில் அவன் தினந்தோறும் இரு முறை சர்க்காரைச் சந்திக்கிறான். அதே இடத்தில்தான் தன் சக பிரஜைகளையும், நடுவே வேலியோ சுவரோ இல்லாமல், தோளோடு தோளாய்ச் சந்திக்கிறான். ஆகவே சர்க்கார் ஜனங்களை எவ்வாறு நடத்துகிறார்கள் என்பதையும், ஜனங்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்துகிறார்கள் என்பதையும் ஒருங்கே அறிய விரும்புவோர் சட்டசபைக்குப் போக வேண்டியதில்லை. காலை வேளையில் ஒரு பஸ் ஸ்டாப்பில் கால் மணி நேரம் நின்றால் போதும்.

2012-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ந் தேதியை நகரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்குத் தெற்கே, ராஜீவ் காந்தி சாலையில், பெருங்குடிப் பக்கத்தில் சென்ற பஸ் ஒன்றின் படிகளில் மாணவர்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். லாரி ஒன்று அவர்களை உரசிச் சென்றது. நான்கு மாணவர்கள் மாண்டனர். சென்னை ஹைகோர்ட், எவரும் வழக்குத் தொடுக்கக் காத்திராமல், தானாகவே அவ்விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பஸ்களுக்குக் கதவு வேண்டுமென்றும், பாடசாலை நேரங்களை மாற்ற வேண்டுமென்றும் பல யோசனைகள் பேசப்பட்டன. சில நாட்கள் வரை போலீஸார் படிகளில் நின்றவர்களை இறக்கிவிட்டார்கள். பிறகு ஊர் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அதன்பின் கதவுள்ள பஸ்கள் பல வந்திருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கதவிருந்தும் நெரிசல் வேளையில் அதை மூட இயலாமல் ஓடும் பஸ்களை நாம் காணாமலில்லை. கதவைச் சாத்த முடியாதபடி மனிதர் நிற்கும்போது கதவு என்ன செய்யும்?

படியில் தொங்குவதன் அபாயம் யாது என்பதை இளைஞர்கள் அறியாதவர்களல்லர் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் முழுவதும் அறிந்திருப்பதாக நாம் நினைக்கவில்லை. கை நழுவுவதொன்றே அபாயமென்று அவர்கள் எண்ணுகிறார்கள். பஸ் ஸ்டாப்பை அணுகும் டிரைவர் வண்டியை இடப்புறம் ஒடிக்கிறார். அங்கே நிறுத்தி வைக்கப்பட்ட லாரியும், சாலையோரத்து மின்கம்பமும், தாழ்ந்த மரக்கிளையும் காத்திருக்கின்றன. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் உள்ள சந்தில் மோட்டார் சைக்கிள்கள் புகுகின்றன. இவற்றையெல்லாம் டிரைவர் பார்ப்பதற்கென்று இடப்புறத்தில் கண்ணாடி ஒன்று உண்டு. படியில் தொங்குகிறவனுடைய உடம்பே அக்கண்ணாடியில் தெரிய வேண்டிய காட்சியை மறைக்கிறது. தன்னைக் காக்க வேண்டியவரின் கண்ணை அவனே மூடிவிடுகிறான். முன்படியிலிருந்து விழுகிறவனுக்குப் பின்னால் வருவது பஸ்ஸின் பின்சக்கரம். பிரேக்கை எவ்வளவு சாமர்த்தியமாய் அழுத்தினாலும் அந்தச் சில அடி தூரத்துக்குள் அவ்வளவு பெரிய பாரம் நிற்பதில்லை.

இவ்விஷயத்தில் ஊரார் இரண்டு கட்சியாய்ப் பிரிந்து வாதிடுவது வழக்கம். ஒரு கட்சியார், "இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அடக்கமில்லை, உள்ளே இடமிருந்தும் வீரம் காட்டுவதற்காகவே தொங்குகிறார்கள்" என்கிறார்கள். மற்றொரு கட்சியார், "போதிய பஸ் விடாத சர்க்காரே குற்றவாளி, பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்?" என்கிறார்கள். இரண்டிலும் உண்மையுண்டு. ஆனால் இரு சாராரும் தத்தம் உண்மையை மற்றவர் மீது எறிவதற்கே உபயோகிக்கிறார்கள். சர்க்கார் செய்ய வேண்டியதைச் செய்யாமலிருப்பதற்குப் பிள்ளைகளின் துடுக்குத்தனம் சாக்காகிறது. ஜனங்கள் தங்கள் கடமையை மறப்பதற்கு சர்க்காரின் அலக்ஷியம் சாக்காகிறது. இரண்டு கடன்களும் நிலுவையில் நிற்கின்றன. ஒரு கடனைக் காட்டி மற்றொரு கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது என்பதே நமது அபிப்பிராயம்.

இதில் நமக்கு வழிகாட்டியவர் மகாத்மா காந்தியே. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பின், ரயிலில் மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்வதை அவர் விரதமாகக் கொண்டார். 1917-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பம்பாயிலிருந்து நமது சென்னைக்கு மெயில் வண்டியில் வந்தார். டிக்கெட்டுக்கு 13 ரூபாய் 9 அணா கொடுத்தார். 22 பேர் அமரலாம் என்று எழுதப்பட்டிருந்த வண்டியில், ராய்ச்சூரைத் தாண்டியதும் நெரிசல் தாங்க முடியாததாயிற்று. ரயில்வே ஊழியர்கள் எட்டிப் பார்த்ததெல்லாம் இன்னும் சிலரை உள்ளே திணிப்பதற்கே. இவற்றையெல்லாம் அவர் பகிரங்கமாய் எழுதி, அதிகாரிகள் வெட்கும்படி செய்தார். ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. தமது சுயசரிதையில், மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் துன்பத்துக்கு அதிகாரிகளின் அகந்தை எவ்வளவு காரணமோ, அவ்வளவுக்குப் பிரயாணிகளின் முரட்டுத்தனமும் அசுத்தமும் சுயநலமும் காரணமென்று ஒளிக்காமல் கூறினார். அந்நிய ஆட்சியோடு போராடிக்கொண்டிருந்த காலத்திலேயே நம் ஜனங்களின் குற்றத்தைச் சொல்ல அவர் அஞ்சவில்லை. நம்முடைய சர்க்காரே நடக்கும் இக்காலத்தில் இரண்டு பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல நாம் ஏன் தயங்க வேண்டும்?

முதலில் சர்க்காரின் கடனைப் பார்ப்போம். சென்னை நகரத்தில் ஒரு காலத்தில் தனியார் பலர் பஸ் நடத்தினார்கள். 1947-ஆம் ஆண்டில் மாகாண சர்க்காரே பஸ் விடத் தொடங்கினார்கள். பின்னர் நகரப் போக்குவரத்து முழுவதும் சர்க்கார் வசமாயிற்று. 1895-ஆம் ஆண்டு முதல் ஓடி வந்த டிராம் வண்டிகள் 1953-ஆம் ஆண்டில் நின்றுபோயின. 1972-ஆம் ஆண்டில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. இப்போது அது மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரோடு விளங்குகிறது. தனியார் கையிலிருந்த தொழிலை சர்க்கார் ஏற்றதற்குச் சொல்லப்பட்ட நியாயம் என்ன? லாபத்தையே கருதுகிறவன் கூட்டத்தைத் திணிப்பான். ஜன க்ஷேமத்தைக் கருதும் சர்க்கார் திணிக்க மாட்டார்கள் என்பதே அந்நியாயம். அந்நியாயத்தை நாம் இன்றும் ஏற்கிறோம். ஏற்பதனால்தான், காலை வேளைப் பஸ்ஸைக் காணும்போது கேட்கிறோம்: லாபக்காரனுடைய பஸ்ஸுக்கும் இதற்கும் உள்ள பேதம் எங்கே?

நகரம் வளர்ந்துவிட்டது என்று சொல்லப்படும். ஆம், வளர்ந்துவிட்டது. 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. எல்லையை விரித்துக் கோடு போட ஒரு நாள் போதும். அந்தக் கோட்டுக்குள் வந்து சேர்ந்த ஏழை ஜனங்களை வேலைக்கும் பாடசாலைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கப் பஸ் வேண்டும், டிரைவர் வேண்டும், கண்டக்டர் வேண்டும், இவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். மலிவான மனையும் வாடகையும் தேடி ஏழைகள் நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். வேலையோ நகரத்தின் நடுவில் இருக்கிறது. நடுவிலுள்ள தூரத்தின் சுமையை அவர்கள் படிக்கட்டில் நின்று கொடுக்கிறார்கள்.

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாதர்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்களில் இலவசப் பிரயாணம் ஏற்படுத்தப்பட்டது. அது மெச்சத்தக்க காரியம். வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஸ்திரீக்கும், பூ விற்கும் ஸ்திரீக்கும் அதனால் மிஞ்சும் ரூபாய் குழந்தையின் பாலாகிறது என்பதை நாம் அறிவோம். அதனால்தான் கூட்டம் பெருகிற்று என்று முணுமுணுப்போர் கக்ஷியில் நாம் சேர மாட்டோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஓர் உரிமையை உத்தரவால் கொடுத்தவர்கள், அவ்வுரிமையை அநுபவிப்பதற்கு வேண்டிய இடத்தையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். இலவசம் சாதாரணப் பஸ்ஸுக்கு மட்டும் என்றால், கூட்டம் சாதாரணப் பஸ்ஸைத்தான் நாடும். அங்கே பஸ்ஸைப் பெருக்காமல் உரிமையை மட்டும் பெருக்கினால், கட்டணமாய்க் கொடுக்காததை அந்த ஸ்திரீ நெரிசலாய்க் கொடுக்க நேர்கிறது.

இனி, சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-வது பிரிவு படிப்பலகைப் பிரயாணத்தைத் தடுக்கிறது. இப்பிரிவைப் பிரயாணிகளை அதட்டுவதற்கு எடுத்துக்காட்டுவோர் பலர். அதை முழுவதும் வாசித்தவர் சிலரே. பிரிவின் முதல் உட்பிரிவு பிரயாணியைப் பற்றியதன்று. வண்டியை ஓட்டுகிறவரோ, வண்டிக்குப் பொறுப்பானவரோ எவரையும் படியில் ஏற்றிச் செல்லக் கூடாது, ஏற அநுமதிக்கவும் கூடாது என்பதே முதல் விதி. பிரயாணி படியிலும் கூரையிலும் செல்லக் கூடாது என்பது இரண்டாவது விதி. சட்டம் வகுத்தவர்கள் பொறுப்பை எவ்வரிசையில் வைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 194-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அநுமதிக்கப்பட்ட தொகைக்கு மேல் ஏற்றப்படும் ஒவ்வொரு பிரயாணிக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது அது. அதோடு, அதிகப்படியானவர்களை இறக்கி அவர்களுக்கு மாற்று வாகனம் ஏற்பாடு செய்யும் வரை அவ்வண்டி நகரலாகாது என்றும் சொல்கிறது. இக்கடைசி வாக்கியத்தை நேயர்கள் மறுபடி ஒரு முறை மனத்தில் வாங்க வேண்டும். இறக்கிவிடு என்பதோடு சட்டம் நிற்கவில்லை; இறக்கப்பட்டவன் போய்ச் சேர வழி செய் என்கிறது. தனியார் வான் ஒன்றில் ஐந்து பேர் அதிகமிருந்தால் அபராதம் விதிப்பது சுலபம். சர்க்கார் பஸ்ஸில் நாற்பது பேர் அதிகமிருந்தால், சர்க்கார் வலக்கையால் அபராதம் கட்டி இடக்கையால் வாங்க வேண்டும். ஆகையால் பணத்தைப் பற்றி நாம் கேட்கவில்லை. மாற்று வாகனத்தைப் பற்றியே கேட்கிறோம். தன் பஸ்ஸில் அதிகமானவர்களுக்கு மற்றொரு பஸ் என்பது சர்க்கார் தயவாய்க் கொடுக்கும் சலுகையன்று. சட்டத்தின் கருத்து அதுவே.

டிரைவரையும் கண்டக்டரையும் பிடித்துத் தண்டிப்பதால் காரியம் முடிந்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. அவர்கள் நிலை இரக்கத்துக்குரியது. விசில் ஊதிப் படியிலிருப்பவர்களை உள்ளே வரும்படி கண்டக்டர் சொன்னால், "உள்ளே எங்கே இடம்?" என்ற கேள்வி வருகிறது. பஸ்ஸை நிறுத்திவிட்டால், ஆபீஸுக்கு நேரமாகிறதென்று உள்ளேயிருக்கும் பெரியவர்களே சண்டைக்கு வருகிறார்கள். கூட்டத்தைக் கண்டு ஸ்டாப்பில் நிறுத்தாமல் சிறிது தள்ளி நிறுத்தினால், ஜனங்கள் ஓடி வந்து ஓடும் வண்டியில் தாவுகிறார்கள். நிறுத்தாமலே போனால் புகார் எழுகிறது. சட்டம் ஒன்று சொல்லி, ஜனங்கள் வேறு சொல்லி, நேர அட்டவணை மூன்றாவது ஒன்றைச் சொல்லும்போது, நடுவிலே அகப்பட்ட அந்த ஊழியன் யார் சொல்லைக் கேட்பான்?

சர்க்காரின் கடன் இவ்வளவு என்றால், நம்முடைய கடன் என்ன? இங்கேதான் நாம் சற்றுக் கசப்பாய்ப் பேச வேண்டியிருக்கிறது.

நெரிசல் மிகுந்த பஸ்ஸை வெளியிலிருந்து பாராமல் உள்ளிருந்து பார்த்தவர்களுக்கு ஓர் அதிசயம் தெரியும். இரண்டு படிகளின் அருகிலும் மூச்சு விட இடமிராது. நடுவிலோ நான்கைந்து பேர் நிற்க இடமிருக்கும். இறங்கும் இடத்தில் கஷ்டப்பட வேண்டியிருக்குமே என்று அஞ்சி, ஏறியவர் ஒவ்வொருவரும் வாசலை விட்டு நகர மறுக்கிறார். ஒவ்வொருவருடைய அச்சமும் நியாயமானதே. ஆனால் எல்லோருடைய நியாயமும் சேர்ந்து, பின்னால் வருகிறவனைப் படியில் தொங்கவிடுகிறது. அவனைத் தொங்கவிட்டவர் துடுக்கான வாலிபரல்லர், கண்ணியமான குடும்பஸ்தர், கையில் அன்றையப் பத்திரிகை இருக்கவும் கூடும்.

ஏறும் முறையையும் சொல்ல வேண்டும். ரேஷன் கடையிலும் சினிமாக் கொட்டகையிலும் வரிசையில் நிற்கும் அதே ஜனங்கள், பஸ் வந்ததும் வரிசையை மறந்துவிடுகிறார்கள். இறங்குகிறவர்களுக்கு வழி விடாமல் ஏறுகிறவர்கள் முட்டுகிறார்கள். வலுவுள்ளவன் முதலில் ஏறுகிறான். ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவன் அவனிலும் முந்துகிறான். கைக்குழந்தைக்காரியும் கோலூன்றிய கிழவரும் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். முதியோருக்கும் அங்கஹீனர்களுக்கும் என்று எழுதி வைத்த ஆசனத்தில் திடகாத்திரமான மனிதர் அமர்ந்து, ஸ்டாப் வரும் சமயம் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். அது தூக்கமன்று என்பது பஸ்ஸிலுள்ள அனைவருக்கும் தெரியும்.

இதைவிட இழிவான ஒன்றும் உண்டு. நெரிசலைத் திரையாகக் கொண்டு மாதர்களிடம் தகாத முறையில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கென்றே தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2012-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவொன்று பிறப்பித்தது. பஸ்ஸில் இத்தகைய குற்றம் நேர்ந்ததாகப் பாதிக்கப்பட்ட ஸ்திரீ புகார் செய்தால், வண்டியை அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அது. உத்தரவு அருமையானது. ஆனால் புகார் செய்யும் பெண்ணைச் சுற்றி நிற்பவர்கள், "நமக்கேன் வம்பு, நேரமாகிறது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் உத்தரவு காகிதத்திலேயே நிற்கும். தன் சகோதரிக்காகக் கால் மணி நேரம் தாமதிக்கச் சம்மதியாத ஆண்மக்கள், தேசத்துக்காக எதையும் தியாகம் செய்வதாக மேடையில் பேசுவதில் என்ன பொருள் இருக்கிறது?

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இடமில்லாமையால் தொங்குவது ஒன்று. பெருமைக்காகத் தொங்குவது வேறு. பஸ் தினம் என்ற பெயரால் கூரை மேலேறிக் கூத்தாடுவதும், இன்ன வழித்தடத்துக்கு இன்னான் தலைவன் என்று பட்டம் சூட்டிக்கொண்டு மற்றக் கல்லூரி மாணவரோடு சண்டையிடுவதும் எந்த நெரிசலால் விளைந்தன? 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையில் பஸ்ஸின் கூரையில் சென்ற மாணவர்கள், வண்டி சட்டென்று நின்றபோது கொத்தாக முன்னால் விழுந்த காட்சியைத் தேசமே கண்டு நகைத்தது; பெற்றோர் நகைத்திருக்க மாட்டார்கள். படிக்கட்டிலிருந்து விழுந்தவன் விஷயம் விபத்து நஷ்டஈட்டு நீதிமன்றத்துக்கு வரும்போது, அவனும் அஜாக்கிரதையாய் இருந்தானா என்ற கேள்வி எழுவது சகஜம். அவ்வாறு தீர்மானமானால் தாய்க்குக் கிடைக்க வேண்டிய தொகையில் ஒரு பங்கு குறைந்துவிடும். மகனை இழந்தவள், மகனுடைய குற்றத்துக்காகவும் இழக்கிறாள். தொங்குகிற பிள்ளைகள் இதை ஒரு நாளும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் அடித்துத் திருத்தலாமா? 2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னைக்கு அருகே கெருகம்பாக்கத்தில் ஒரு மாது பஸ்ஸை நிறுத்திப் படியில் தொங்கிய மாணவர்களை இழுத்து அடித்ததும், அதன் பொருட்டுக் கைது செய்யப்பட்டதும் செய்தியாய் வந்தன. ஊரில் பாதிப் பேர் அவரைப் புகழ்ந்தார்கள். கோபம் நமக்குப் புரிகிறது. முறையை நாம் ஒப்ப இயலாது. அடி வாங்கிய பிள்ளை மறுநாள் வேறு பஸ்ஸின் படியில் தொங்குவான். அவனுக்கு உள்ளே இடம் உண்டாகாத வரையில் அடியால் இடம் உண்டாகாது.

நம் ஜனங்களுக்கு ஒழுங்கு வராது என்று அவநம்பிக்கை கொள்வோரும் உண்டு. அவர்களுக்கு இரண்டு காட்சிகளைக் காட்ட விரும்புகிறோம். நெரிசலில் கண்டக்டரை அணுக இயலாதபோது பிரயாணி என்ன செய்கிறான்? இறங்கும் ஊரைச் சொல்லி, பணத்தை முன்னால் நிற்பவரிடம் கொடுக்கிறான். அது பத்துக் கைகள் மாறிக் கண்டக்டரை அடைகிறது. டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே பத்துக் கைகளின் வழியே, ஒரு ரூபாயும் குறையாமல் திரும்பி வருகின்றன. கொடுத்தவனை வாங்கியவன் அறியான். பிறர் பொருளை இவ்வளவு நாணயமாய்க் கைமாற்றும் ஜனங்களுக்குப் பிறர் உயிருக்காக இரண்டடி உள்ளே நகர்வது முடியாத காரியமா?

மற்றொரு காட்சி மெட்ரோ ரயிலில். 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை அது ஓடத் தொடங்கியபோது, நம் ஜனங்கள் அதை இரண்டு நாளில் பாழாக்கிவிடுவார்கள் என்றவர்கள் உண்டு. அவ்வாறு நடக்கவில்லை. அங்கே கதவு மூடாமல் வண்டி நகராது. தொங்க எண்ணினாலும் தொங்க வழியில்லை. அடுத்த வண்டி சில நிமிஷத்தில் வருமென்று எல்லோருக்கும் தெரிகிறது. ஆகையால் முண்டியடிக்க அவசியமில்லை. கட்டணம் அதிகம், கூட்டம் குறைவு என்பதும் மெய்யே. ஆயினும் அதே நகரம், அதே ஜனங்கள், அதே மாணவர்கள். நம்பிக்கையோடு காத்திருக்க முடிகிற இடத்தில் மரியாதை தானே வருகிறது. இந்தப் பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை என்ற இடத்தில் அது போய்விடுகிறது.

ஆகவே நமது யோசனைகளைச் சுருங்கக் கூறுகிறோம். முதலாவது, காலையிலும் மாலையிலும் பாடசாலை நேரங்களில், மாணவர் மிகுந்த தடங்களில் தனிப் பஸ்கள் விடப்பட வேண்டும். எத்தடத்தில் எந்நேரத்தில் கூட்டமென்பது டிக்கெட் இயந்திரங்களின் கணக்கிலேயே இருக்கிறது. கமிஷன் நியமித்து விசாரிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஒரே வட்டாரத்துப் பாடசாலைகளும் கல்லூரிகளும் ஆபீஸுகளும் ஒரே மணிக்குத் தொடங்காமல், அரை மணி முன்பின்னாகத் தொடங்கலாம். இதற்குச் செலவே இல்லை. மூன்றாவது, கதவில்லாத பஸ் எதுவும் நகரத்தில் ஓடலாகாது. கதவு மூடாமல் வண்டி நகராதபடி இயந்திர ஏற்பாடும் வேண்டும். 2024-ஆம் ஆண்டு முதல் தாழ்தளப் பஸ்களும், 2025-ஆம் ஆண்டு முதல் மின்சாரப் பஸ்களும் சென்னைக்கு வந்திருக்கின்றன. புதியவை வருவது சந்தோஷம்; பழையவற்றுக்குப் பதிலாய் மட்டும் வராமல், அவற்றின் மேல் அதிகமாகவும் வர வேண்டும். நான்காவது, கதவை மூட வேண்டி ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தினால், அதனால் உண்டாகும் தாமதம் அவர் மீது குற்றமாய் எழுதப்படலாகாது.

ஐந்தாவது யோசனை சர்க்காருக்கன்று; இதை வாசிக்கும் பொதுஜன ஊழியர்களுக்கு. எக்கட்சியைச் சேர்ந்தவராயினும் ஆகுக. உங்கள் பேட்டையில் கூட்டம் மிகுந்த பஸ் ஸ்டாப் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்துத் தொண்டர்கள், ஒரு மாத காலம், தினம் காலையில் ஒரு மணி நேரம் அங்கே நின்று ஜனங்களை வரிசையில் நிறுத்துங்கள். இறங்குவோருக்கு முதலில் வழி, பிறகு முதியோரும் குழந்தை வைத்திருப்போரும், பிறகு மற்றவர், ஏறியவர் உள்ளே நகர வேண்டும். இவ்வளவே வேலை. கொடியும் வேண்டாம், கோஷமும் வேண்டாம். எத்தனை பஸ் நிறுத்தாமல் சென்றது, எத்தனை பேர் ஏற இயலாமல் நின்றார்கள் என்பதை ஒரு நோட்டில் நாளும் மணியுமாய்க் குறித்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் சட்டசபை அங்கத்தினரிடமும் போக்குவரத்து அதிகாரிகளிடமும் செல்லுங்கள். தங்கள் பங்கைச் செய்து முடித்து, கையில் கணக்கோடு வந்து நிற்கும் ஜனங்களுக்குப் பதில் சொல்வது எந்த சர்க்காருக்கும் தவிர்க்க முடியாதது. மறியலைக் கலைக்க போலீஸ் உண்டு. கணக்கைக் கலைக்க எவரும் இல்லை.

படிக்கட்டில் தொங்கும் பிள்ளையின் பையை மடியில் வாங்கிவைத்துக்கொள்ளும் அம்மையாரை மறுபடி நினைத்துக்கொள்கிறோம். அவர் அவன் யாரென்று கேட்பதில்லை. தம் மீது பாரமென்று முகம் சுளிப்பதுமில்லை. அந்த அன்பு நம் ஜனங்களிடம் ஏராளமாய் இருக்கிறது. பையோடு பிள்ளைக்கும் உள்ளே இடம் செய்வதே நம் அனைவருடைய கடமை. பஸ்ஸைக் கொடுப்பது சர்க்காரின் பங்கு. இரண்டடி நகர்வது நம்முடைய பங்கு. நாளைக் காலையே தொடங்கக்கூடியது நம்முடைய பங்குதான்.